மூக்கணாங்கயிறு கட்டிய கார்

மார்கழி மாதத்தில் விடியற்காலை எழுந்து வாசலில் கோலம் போடும்போது, "அப்பப்பா, என்ன குளிர்!" என்று புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக் கொள்கிறோமே, அது எத்தனை டிகிரி என்று நினைக்கிறீர்கள்? சென்னையில் பெரும்பாலும் 20 டிகிரிதான். பாட்டிலுக்குள்ளேயே தேங்காய் எண்ணெய் உறைந்து போய், அதை வெயிலில் வைத்து இளக்கித் தலை வாரிக் கொள்கிற குளிர். அதற்கே நாம் பெட்டியைத் திறந்து கம்பளியைத் தேடுகிறோம்.

நான் முப்பது வருஷமாகக் குடியிருக்கும் வின்னிபெக் நகரம் கனடா தேசத்துக்கு ஏறக்குறைய நட்ட நடுவில் இருக்கிறது. மலை கிடையாது, கடல் கிடையாது. வடக்கேயிருந்து வரும் காற்றைத் தடுக்க ஒரு வேலி கூடக் கிடையாது. ஜனவரி மாதத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி என்றால் இங்கே யாரும் அதை ஒரு விசேஷமாகப் பேச மாட்டார்கள். 1879-ம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் பூஜ்யத்துக்குக் கீழே 47.8 டிகிரி வரை போனதாக ரிகார்டு இருக்கிறது. பூஜ்யத்துக்குக் கீழே 40 என்பது ஒரு வேடிக்கையான இடம். சென்டிகிரேடில் சொன்னாலும் அதே 40, பாரன்ஹீட்டில் சொன்னாலும் அதே 40! இரண்டு அளவைகளும் தங்கள் சண்டையை விட்டுவிட்டு அங்கே ராஜியாகி விடுகின்றன.

அந்தக் குளிரில் மனிதர்கள் எப்படியோ சமாளித்து விடுகிறார்கள். சமாளிக்க முடியாமல் தவிப்பது கார். "பெண்பிள்ளை, சமையல் குறிப்பு எழுதாமல் கார் என்ஜினைப் பற்றி எழுத வந்து விட்டாளே!" என்று சிரிக்காதீர்கள். உங்கள் பெண்ணோ மருமகளோ அடுத்த வருஷம் இந்தப் பக்கம் வந்து சேரலாம். ஊறுகாய் பாட்டிலை எப்படிக் கட்டி அனுப்புவது என்று யோசிக்கும்போதே, இதையும் அவள் காதில் போட்டு வையுங்கள்.

நாங்கள் இங்கே வந்தது 1995-ம் வருஷம் ஆகஸ்டு மாதம். வந்த மறுநாளே ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. தெருவில் நின்ற கார்களில் பெரும்பாலானவற்றுக்கு, முன்பக்கத்துக் கம்பித் தடுப்பின் இடுக்கிலிருந்து, முழ நீளத்துக்கு ஒரு கறுப்பு ஒயர் தொங்கிக் கொண்டிருந்தது. நுனியில் மூன்று முள் பிளக். எங்கள் ஊரில் மாட்டுக்குக் கட்டும் மூக்கணாங்கயிறுதான் சட்டென்று ஞாபகத்துக்கு வந்தது. நாங்கள் குடியிருந்த கட்டிடத்தின் பின்புறத்தில் கார் நிறுத்தும் இடம். அங்கே ஒவ்வொரு காருக்கும் எதிரே, தொழுவத்தில் முளை அடித்தாற்போல் ஒரு கட்டை நட்டு, அதில் பிளக் சொருகும் துளை வைத்திருந்தார்கள்.

"இந்த ஊரில் எல்லாமே மின்சாரக் கார் போலிருக்கிறதே!" என்றேன் என் கணவரிடம். அவருக்கும் புரியவில்லை. ஆனால் புருஷர்கள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்களே! "அது ஏதோ ரேடியோ சமாசாரம்" என்று சொல்லி வைத்தார்.

விஷயத்தை விளக்கியவர் கீழ்த்தளத்தில் இருந்த பாட்டிதான். எழுபது வயசுக்கு மேல் ஆனவர். அவருடைய பெற்றோர் உக்ரேனிலிருந்து வந்து மனிடோபாவில் நிலம் வாங்கிக் கோதுமை பயிரிட்டவர்கள். என்னைக் கண்டால் "குழந்தை" என்பார். என் மூன்று வயதுப் பெண்ணைக் கண்டால் இன்னும் என்னென்னவோ சொல்லிக் கொஞ்சுவார். அவர்தான் சொன்னார்: அந்த ஒயரின் மறு நுனி என்ஜினுக்கு உள்ளே போகிறது. என்ஜினைச் சுற்றி ஓடும் குளிர்விக்கும் திரவத்துக்குள் ஒரு சின்னக் கம்பிச்சுருள் முழுகியிருக்கிறது. பிளக்கைச் சொருகினால் அது சூடேறும், திரவம் சூடேறும், இரும்பும் மெல்ல மெல்லச் சூடேறும். 'பிளாக் ஹீட்டர்' என்று பெயர். காரைப் பொறுத்து 400 வாட்டிலிருந்து 600 வாட் வரை சாதாரணமாக எடுக்கும். நம் வீட்டுச் சின்ன மின்சாரக் குக்கர் இருக்கிறதே, ஏறக்குறைய அவ்வளவுதான்.

"ராத்திரி படுக்கப் போகும் முன் பல் தேய்க்க மறந்தாலும் மறக்கலாம், இதை மறக்கக் கூடாது" என்றார் பாட்டி. நான் தலையை ஆட்டினேன். ஆகஸ்டு வெயிலில் நின்று கொண்டு யார் வேண்டுமானாலும் தலையை ஆட்டலாமே!

1996 ஜனவரிக் கடைசி. என் கணவர் வேலை விஷயமாக டொராண்டோவுக்குப் போயிருந்தார். எங்களிடம் இருந்தது பன்னிரண்டு வருஷத்துப் பழைய கார். பிளக்கை இரவு முழுவதும் போட்டு வைத்தால் மின்சாரம் வீண் செலவு. கிளம்புவதற்கு முன் மூன்று நான்கு மணி நேரம் போட்டால் போதும். அதற்காகக் கடிகார முகம் போன்ற ஒரு டைமர் வாங்கி வைத்திருந்தார். சுற்றிலும் 24 மணிக்கும் சின்னச் சின்ன முளைகள். எந்த மணிக்கு மின்சாரம் வேண்டுமோ, அந்த முளைகளை அழுத்தி விட வேண்டும். தினமும் அவர் செய்கிற வேலை. அன்று நானே செய்தேன். இருட்டில், பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரியில், இரண்டு ஜோடிக் கையுறைகளோடு, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு. விடியற்காலை 2 மணி முதல் 6 மணி வரை என்று மனத்தில் நினைத்துக் கொண்டு அழுத்தினேன். பெருமையோடு மாடி ஏறி வந்து படுத்தேன்.

காலை ஐந்தேகாலுக்குக் குழந்தையின் இருமல் சத்தம் என்னை உலுக்கி எழுப்பியது. இருமலா அது! நாய் குரைப்பது போன்ற ஒரு சத்தம். இடையிடையே மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்று ஒரு விசில். உதடு வெளுத்துப் போய், பயந்த கண்களோடு என் கழுத்தைக் கட்டிக் கொண்டாள். ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம் என்பது அந்த நேரத்தில் என் மூளையில் ஏறவே இல்லை. காரைக் கிளப்பி வைத்துவிட்டு வந்து குழந்தையைத் தூக்கிக் கொள்ளலாம் என்று கீழே ஓடினேன்.

கார் ஸீட் மரப்பலகை மாதிரி இருந்தது. சாவியைத் திருகினேன். "ஊ...ம்... ஊ...ம்..." என்று வயிற்று வலிக்காரன் முனகுவது போல் என்ஜின் முனகியது. இன்னொரு தரம். முனகல் நீண்டது. ஆக்ஸிலரேட்டரை மிதிமிதியென்று மிதித்தேன். பெட்ரோல் வாசனை குப்பென்று அடித்தது. விடாமல் திருகினேன். கடைசியில் முனகலும் நின்று, "டக்" என்று ஒரே ஒரு சத்தம். அப்புறம் அதுவும் இல்லை.

இறங்கிப் போய் டைமரைப் பார்த்தேன். நான் அழுத்தியிருந்தது பகல் 2 மணி முதல் 6 மணி வரை.

அந்தக் கணத்தில் எனக்கு வந்த அழுகை கூட வெளியே வரவில்லை. இமை மயிரிலேயே உறைந்து ஒட்டிக் கொண்டது. இது கதைக்காகச் சொல்வது என்று எண்ண வேண்டாம், அந்தக் குளிரில் நிஜமாகவே அப்படித்தான் ஆகும்.

கீழ்த்தளத்து ஜன்னலில் விளக்கு எரிந்தது. ஸ்டார்ட்டர் முனகுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தூங்குகிறவர்கள் இந்த ஊரில் கிடையாது. பாட்டி இரவு உடையின் மேல் பெரிய கோட்டை மாட்டிக் கொண்டு வந்து நின்றார்.

"நிறுத்து, குழந்தை! இன்னும் திருகினால் பாட்டரியைக் கொன்று விடுவாய். உன் பெண்ணைத் தூக்கி வா. என் வண்டி தயாராக இருக்கிறது."

பாட்டியின் காரோ என்னுடையதை விடப் பழையது. சாவியைத் தொட்டதும் ஆச்சரியமாகக் கிளம்பியது. போர்வையில் சுற்றிய குழந்தையோடு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் பாதி தூரம் போவதற்குள்ளேயே அவளுடைய மூச்சில் அந்த விசில் சத்தம் குறைந்து விட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் மருந்து கொடுத்துவிட்டு, "வெளியே வந்ததும் சுவாசித்த குளிர்ந்த காற்று தொண்டை வீக்கத்தைச் சற்றுத் தணித்திருக்கிறது, இந்த நோயில் சில குழந்தைகளுக்கு அப்படி ஆவது உண்டு" என்றார். காரைக் கொன்ற குளிர் குழந்தைக்கு மருந்தாக இருந்திருக்கிறது. பகவானுடைய கணக்கு எனக்கு எங்கே புரியப் போகிறது!

ஒன்பது மணிக்குத் திரும்பி வந்தோம். குழந்தை தூங்கி விட்டாள். பாட்டி என்னை விடவில்லை. மேல் வீட்டுப் பெண்ணைக் குழந்தைக்குத் துணை வைத்துவிட்டு, என் காரின் மூடியைத் திறந்து பாடம் ஆரம்பித்தார். அன்றைக்கு அவர் சொன்னதையும், பிறகு நானாகத் தெரிந்து கொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் எண்ணெய். உறைந்த தேங்காய் எண்ணெயில் கரண்டியை விட்டுச் சுழற்றிப் பாருங்கள். என்ஜினுக்குள் இருக்கும் எண்ணெய் அப்படிக் கட்டியாகா விட்டாலும், பாகு பதம் தாண்டிய வெல்லப்பாகு மாதிரி ஆகிவிடுகிறது. அதைக் கலக்கிக் கொண்டுதான் ஸ்டார்ட்டர் என்ஜினைச் சுழற்றியாக வேண்டும். எண்ணெய் டப்பாவின் மேல் 10 டபிள்யூ 30, 5 டபிள்யூ 30 என்றெல்லாம் போட்டிருக்கிறதே, அந்த டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கிற எழுத்து. முன்னால் இருக்கும் எண் சிறுத்தால் குளிரில் இளக்கம் அதிகம். 10 போட்ட எண்ணெயைப் பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரியில் சோதிக்கிறார்கள்; 5 போட்டதை 30-ல்; 0 போட்டதை 35-ல். எங்கள் காரில் இருந்தது கோடைக்கு ஊற்றிய 10. அது பாவம் என்ன செய்யும்?

எண்ணெய் இப்படி முரண்டு பிடிக்கிற அதே சமயத்தில் பாட்டரியும் காலை வாரி விடுகிறது. அதற்குள் நடப்பது ரசாயன வேலை. குளிரில் அது மந்தித்துப் போகிறது. பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி வந்தாலே, கோடையில் இருந்த பலத்தில் பாதி கூடத் தேறாது. வேலை இரண்டு மடங்கு, பலம் பாதி! அதனால்தான் விளக்கு, விசிறி, ரேடியோ எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் சாவியைத் திருக வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் திருகக் கூடாது. பிறகு ஒரு நிமிஷமாவது சும்மா விட வேண்டும். நான் செய்தது இதற்கு நேர் விரோதம். பழைய காராகையால், மிதித்த மிதியில் பெட்ரோல் ஆவியாகாமல் உள்ளே வழிந்து பிளக்குகளை நனைத்து விட்டது. இப்போதைய கார்களில் ஆக்ஸிலரேட்டரைத் தொடவே வேண்டியதில்லை.

நான் உடனே பாட்டியின் காரிலிருந்து கம்பி போட்டு என் காரைக் கிளப்பி விடலாம் என்றேன். "பொறு" என்றார். பாட்டரி மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். சார்ஜ் நிரம்பிய பாட்டரி எவ்வளவு குளிரிலும் சாமானியமாக உறையாது. சார்ஜ் இறங்கியதோ, தண்ணீரைப் போல் சுலபமாக உறைந்து விடும். உறைந்த பாட்டரிக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தால் வெடித்து விடலாம். நல்ல காலம், எங்களுடையது உறையவில்லை. அப்போதும் அவர் கம்பியை எடுக்கவில்லை. டைமரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பிளக்கை நேரே சொருகி, "மத்தியானம் வரை சூடாகட்டும், இட்லிப் பானையை அடுப்பில் வைத்த உடனே மூடியைத் திறப்பாயா?" என்றார். இட்லியை எங்கள் வீட்டில் சாப்பிட்டே கற்றுக் கொண்டவர்!

மத்தியானம் கம்பி மாட்டினோம். சிவப்பு நுனி இரண்டும் இரண்டு பாட்டரிகளின் கூட்டல் குறியில். கறுப்பு ஒன்று அவருடைய பாட்டரியின் கழித்தல் குறியில். கடைசிக் கறுப்பு நுனியை என் பாட்டரியில் மாட்ட விடவில்லை. சற்று எட்ட, என்ஜினின் வெறும் இரும்பில் மாட்டச் சொன்னார். பாட்டரியிலிருந்து கசியும் வாயு, பொறி பட்டால் பற்றிக் கொள்ளுமாம். சாவியைத் திருகினேன். காலையில் பிணமாகக் கிடந்த என்ஜின், ஒன்றுமே நடக்காதது போல் உறுமியது.

அதோடு விடவில்லை பாட்டி. தெருக்கோடியில் இருந்த ஒரு மெக்கானிக்கிடம் அழைத்துப் போனார். அவன் ஒரு கண்ணாடிக் குழாயால் ரேடியேட்டர் திரவத்தை உறிஞ்சிப் பார்த்தான். உள்ளே மிதக்க வேண்டிய குண்டுமணிகளில் இரண்டுதான் மிதந்தன. எங்களுக்கு முன் வண்டியை வைத்திருந்தவர் கோடையில் வெறும் தண்ணீரை விட்டு நிரப்பியிருக்கிறார். உறையாமல் காக்கும் கிளைகாலும் தண்ணீரும் சரிபாதியாக இருந்தால் பூஜ்யத்துக்குக் கீழே 37 டிகிரி வரை பயமில்லை. எங்களுடையதில் தண்ணீர் மிகுந்து, காலையில் உள்ளே கூழாக இருந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் தண்ணீர் கூடியிருந்தால் பனிக்கட்டியாகிப் பருத்து, என்ஜின் இரும்பையே பிளந்திருக்கும். "அப்படியானால் தண்ணீரே வேண்டாம், முழுக்கக் கிளைகாலையே ஊற்றி விடுங்கள்" என்றேன், மேதாவியாட்டம். அவன் சிரித்தான். தனிக் கிளைகால் பூஜ்யத்துக்குக் கீழே 13 டிகிரியிலேயே உறைந்து விடுமாம்! இரண்டும் கலந்தால்தான் இரண்டுமே உறையாமல் இருக்கும். இன்னொன்றும் சொன்னான், தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தத் திரவம் தித்திப்பாக இருக்கும், ஆனால் கொடிய விஷம். ஒரு சொட்டு கீழே சிந்தினாலும் துடைத்து விட வேண்டும். குழந்தையும் நாயும் எட்டாத இடத்தில் டப்பாவை வைக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் தேநீர் குடிக்கும்போது பாட்டி தம் தகப்பனாரைப் பற்றிச் சொன்னார். அந்தக் காலத்தில் பிளக் ஏது, மின்சாரமே ஏது? இரவு வண்டியை நிறுத்தியதும், சூடு ஆறுவதற்குள் எண்ணெயை ஒரு தகரத்தில் வடித்து அடுப்புக்குப் பின்னால் கொண்டு வந்து வைப்பாராம். ரேடியேட்டர் தண்ணீரையும் திறந்து விட்டு விடுவார். காலையில் எண்ணெயைச் சுடவைத்து ஊற்றி, வெந்நீரை ஊற்றி, கைப்பிடியால் சுழற்றிக் கிளப்ப வேண்டும். கனடாவின் வடக்கே பறந்த விமானிகளும் இதையேதான் செய்தார்கள். பனியில் இறங்கியதும் முதல் வேலை எண்ணெயை வடிப்பது. காலையில் என்ஜின் மேல் கித்தானைப் போர்த்தி, அடியில் அடுப்பை மூட்டுவது. எங்களூருக்குத் தெற்கே, எல்லை தாண்டி, அமெரிக்காவில் கிராண்ட் ஃபோர்க்ஸ் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஒரு கிராம மின்சாரக் கூட்டுறவு சங்கத்தை நடத்திய ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்பவர், என்ஜின் தலையை இறுக்கும் போல்ட் ஒன்றின் இடத்தில் சொருகும்படியாக ஒரு மின்சாரச் சூடேற்றியைச் செய்து 1949-ல் காப்புரிமை வாங்கினார். குளிரில் கிடந்து அவஸ்தைப்பட்ட மனிதருக்குத்தான் அந்த யோசனை வரும்!

கிளம்பிய பிறகும் காருக்குப் பக்குவம் உண்டு. அரை மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓட விட்டுச் சூடாக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது தப்பு. எரியாத பெட்ரோல் எண்ணெயில் கலந்து அதைக் கெடுக்கிறது. இரண்டு மூன்று நிமிஷம் விட்டு, மெள்ள ஓட்ட ஆரம்பித்தால் என்ஜின் சீக்கிரம் சூடாகும். முதல் பர்லாங்கில் வண்டி தடக் தடக் என்று குதிக்கும், பயப்படாதீர்கள். ராத்திரி முழுவதும் நின்றதில் டயரின் அடிப்பக்கம் தட்டையாக உறைந்திருக்கும். சதுரச் சக்கரம் என்று இங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள்; சற்று ஓடினால் வட்டமாகி விடும். தினமும் ஐந்து நிமிஷ தூரமே ஓட்டினால், உள்ளே சேரும் ஈரம் போக வழியில்லாமல் மூச்சுக் குழாயில் உறைந்து, எண்ணெயைப் பிதுக்கி வெளியே தள்ளி விடும். ஆகவே வாரத்துக்கு ஒரு தரமாவது நெடுக ஓட்டிவிட்டு வர வேண்டும். பெட்ரோல் டாங்கியைப் பாதிக்குக் கீழே இறங்க விடக் கூடாது. காலி இடத்தில் ஈரம் சேர்ந்து குழாயில் பனிக்கட்டியாகி அடைக்கும். கதவுப் பூட்டின் பனியை இளக்கும் மருந்து கைப்பையில் இருக்க வேண்டும். நான் அதைப் பத்திரமாகக் காருக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன், இரண்டு தடவை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வேடிக்கைக்கு இடமில்லை. கதவை மூடிய கார் ஷெட்டுக்குள் என்ஜினை ஓட விடவே கூடாது. கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கம் வருவது போல் வந்து ஆளை முடித்து விடும். பனிப்புயலில் வண்டி மாட்டிக் கொண்டாலும், புகைக் குழாயை மூடிய பனியை முதலில் வெட்டி எடுத்து விட்டுத்தான் உள்ளே உட்கார்ந்து சூடு போட்டுக் கொள்ள வேண்டும்.

பாட்டி 2009-ல் காலமானார். எங்கள் கார் மூன்று தடவை மாறி விட்டது. இப்போதிருப்பது 0 டபிள்யூ எண்ணெய் குடிக்கிற வண்டி. சாவி கூடக் கிடையாது, பொத்தானை அழுத்தினால் போதும். ஆனாலும் மூக்கணாங்கயிறு தொங்கிக் கொண்டுதான் இருக்கிறது. அதைக் கழற்ற மறந்து, பிளக்கும் ஒயரும் பின்னால் தரதரவென்று இழுபட, கடைத்தெரு வரை போய்ச் சேர்ந்த கதையை இன்னொரு சமயம் சொல்கிறேன். அந்தத் தடவை ஓட்டியது நானல்ல, இவர்.

அன்று இருமிய குழந்தை இப்போது எட்மண்டனில் வேலை பார்க்கிறாள். அங்கேயும் இதே குளிர். ராத்திரி போன் செய்தால் "சாப்பிட்டாயா?" என்று நான் கேட்பதற்குள், "பிளக் போட்டாச்சு அம்மா, டைமரைப் பகலா ராத்திரியா என்றும் பார்த்தாச்சு" என்று சொல்லி விடுகிறாள்.

மணி பத்தாகப் போகிறது. ஜன்னல் கண்ணாடியின் உட்பக்கத்திலேயே பனி பூக்க ஆரம்பித்து விட்டது. இவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கி வழிகிறார். இரண்டு ஜோடிக் கையுறைகளையும் எங்கே வைத்தேன் என்று பார்க்க வேண்டும்.